பள்ளி நாடகத்தில் போர் அதிர்ச்சியை எப்படி நடிக்க வைப்பது? ஒத்திகையில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்

நாடகப் பொறுப்பாசிரியை:

வணக்கம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேரை வைத்து ஒரு நாடகம் தயார் செய்துகொண்டிருக்கிறேன். கதை நடப்பது 1917இல், முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனையில். ஒரே வார்டு, ஆறு கட்டில். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், ஆனால் பேச முடியாமல், நடக்க முடியாமல், தூங்க முடியாமல் போர்முனையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் பாத்திரங்கள். ஐம்பது நிமிடம் ஓடும். வசனத்தில் பாதிக்கு மேல் பிள்ளைகளே எழுதியது, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள்.

சிக்கல் நடிப்பில்தான். கை நடுங்கும் வீரனாக ஒரு பையன் நடிக்கிறான். முதல் ஒத்திகையில் அவன் நடுங்கத் தொடங்கியதுமே ஓரத்தில் நின்றவர்கள் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். நான் சத்தம் போட்டேன். மறுநாள் பார்த்தால் அந்தச் சிரிப்புக்காகவே அவன் இன்னும் அதிகமாக நடுங்குகிறான், தலையை ஆட்டுகிறான், வாயைக் கோணுகிறான். இணையத்தில் அந்தக் காலத்து மருத்துவப் படக்காட்சி ஒன்று கிடைத்ததாம், அதை அப்படியே பார்த்துச் செய்ததாகச் சொன்னான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் வேறு எப்படிச் செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

இன்னொன்று. குழுவில் ஒரு பெண்ணின் அப்பா ராணுவத்திலிருந்து திரும்பி வந்தவர். கதை என்ன என்று தெரிந்ததும் அவள் வந்து "நான் இதுல இல்ல டீச்சர்" என்றாள். சரி என்றேன், காரணம் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவளே வந்து, மேடையில் ஏறமாட்டேன், ஆனால் குழுவில் இருக்கிறேன் என்கிறாள். அவளுக்கு என்ன வேலை கொடுப்பது?

கடைசியாக, நாடகத்தைப் பெரிய குண்டுச் சத்தத்தோடு, இருட்டில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்துத் தொடங்க வேண்டும் என்று நிர்வாகத்தில் ஆசைப்படுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் அவர்களிடம் எடுத்துச் சொல்லக் காரணம் சரியாகப் பிடிபடவில்லை.

ஆறு வாரம் இருக்கிறது. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஒப்பனையறை:

டீச்சர், இருபது வருடமாக மேடைக்கு நாடகம் போடுகிறேன், அதில் பாதிக்கு மேல் மாணவர்களோடு. முதலில் அந்தப் பிள்ளைகள் சிரித்ததற்காகக் கோபப்படாதீர்கள். பதினாறு வயதில் தாங்க முடியாத ஒன்றைப் பார்த்தால் முதலில் வருவது சிரிப்புதான். நாடகத்தன்று அரங்கில் உட்காரப்போகும் மற்ற வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான் சிரிப்பார்கள், அதனால் இது இப்போதே தெரியவந்தது நல்லதுதான்.

அந்தப் பையனை நடுங்கச் சொல்லாதீர்கள். நடுக்கத்தை மறைக்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே கை நடுங்குகிறவர் யாராவது அதை நான்கு பேருக்குக் காட்டிக்கொண்டிருப்பாரா? கையை அக்குளில் வைத்துக்கொள்வார், போர்வைக்குள் விட்டுக்கொள்வார், ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்வார். நடிகன் நடுக்கத்தை நடித்தால் பார்ப்பவனுக்கு நடுக்கம் மட்டும்தான் தெரியும், அது வேடிக்கையாகிவிடும். மறைப்பதை நடித்தால் மறைக்கிற ஆள் தெரிவான்.

இதற்கு ஒரு சிறிய வேலை கொடுங்கள். நான் எப்போதும் கொடுப்பது சட்டைப் பொத்தான். டாக்டர் வார்டைச் சுற்றி வரப்போகிறார், அதற்குள் சட்டையில் ஐந்து பொத்தானையும் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் காட்சி. முதல் பொத்தான் துளைக்குள் விழுந்துவிடும். இரண்டாவதில் துளைக்கும் பொத்தானுக்கும் நடுவில் விரல் நிற்காது. அவன் நிறுத்துவான், மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வான், கட்டை விரலின் நகம் வெளுக்கும்வரை பொத்தானை அழுத்துவான், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பான், மறுபடி தொடங்குவான். வசனமே வேண்டாம். ஒன்றரை நிமிடம் விடுங்கள். ஒன்றரை நிமிடம் மேடையில் மிக நீளமான நேரம், நீங்களே பயந்துபோய்ச் சுருக்கப் பார்ப்பீர்கள், சுருக்காதீர்கள்.

அவன் பார்த்த படம் எது என்று ஊகிக்க முடிகிறது. ஆர்தர் ஹர்ஸ்ட் என்ற மருத்துவர் 1917, 18இல் நெட்லி, சீல் ஹெய்ன் மருத்துவமனைகளில் தன் நோயாளிகளை வைத்து எடுத்தது. வினோதமான நடை, நெளியும் உடம்பு, அப்புறம் அதே ஆள் குணமாகி ஓடுவது என்று வரும். அதில் "சிகிச்சைக்கு முன்" என்று காட்டப்படும் சில காட்சிகள், குணமானவர்களைக் கேமராவுக்காக மறுபடி நடித்துக்காட்டச் சொல்லி எடுத்தவை. ஆக உங்கள் பையன் பார்த்ததில் ஒரு பகுதி ஏற்கெனவே நடிப்பு. இதை அவனிடம் சொல்லுங்கள், சுவாரசியமாகக் கேட்பான். இன்னொன்றும் சொல்லுங்கள்: அந்தப் படத்தில் முகங்களைப் பார்க்கச் சொல்லுங்கள், கால்களை அல்ல. கேமரா ஓடுவது தெரிந்து ஓர் ஆள் அங்கே நிற்கிறான் என்பது முகத்தில்தான் இருக்கிறது.

குண்டுச் சத்தத்துக்கு வருகிறேன். அரங்கில் பெரிய வெடிச் சத்தம் வந்தால் பார்வையாளர்கள் துள்ளுவார்கள், உடனே பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், அதோடு அது முடிந்தது. நாடகத்துக்கு அதனால் பத்துப் பைசா லாபம் இல்லை. மாறாக, வார்டில் ஒரு செவிலியின் கையிலிருந்து தட்டு ஒன்று கீழே விழட்டும். சாதாரணத் தட்டு, சாதாரணச் சத்தம். பார்வையாளர் ஒருவரும் திடுக்கிட மாட்டார்கள். ஆனால் மேடையில் ஆறு பேரில் நான்கு பேர் கட்டிலுக்கு அடியில் இருப்பார்கள். நமக்குத் தட்டாகக் கேட்டது அவர்களுக்கு என்னவாகக் கேட்டது என்று புரிய வேறு எந்த விளக்கமும் தேவையில்லை. நிர்வாகத்திடம் இதை நடித்தே காட்டிவிடுங்கள், வாயால் சொன்னால் எடுபடாது.

---

மனநலச் செவிலி:

மேலே சொன்ன தட்டு யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர். நான் மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன், போரிலிருந்து திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். திடீர் வெடிச் சத்தமும் மின்னி மின்னி அடிக்கும் வெளிச்சமும் அரங்கில் யாருக்கு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாது. மின்னும் வெளிச்சம் வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கும் ஆபத்து, நிர்வாகத்துக்கு இந்த ஒரு காரணமே போதும். சத்தம் எதுவாக இருந்தாலும் வாசலிலேயே ஒரு அறிவிப்பு ஒட்டுங்கள், நாடகம் தொடங்கும் முன் வாயாலும் சொல்லுங்கள். எழுந்து வெளியே போக வழி இருக்கட்டும், போகிறவரை யாரும் தடுக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்குப் பின்னணி சொல்லும்போது இவை உதவும் என்று நினைக்கிறேன். "ஷெல் ஷாக்" (குண்டு அதிர்ச்சி) என்ற சொல்லை மருத்துவ எழுத்துக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர், 1915 பிப்ரவரியில் லான்செட் என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில். குண்டு வெடித்த அதிர்வு மூளையைக் குலுக்கியதால் வருவது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அப்புறம் பார்த்தால் குண்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கும் வருகிறது. மையர்ஸே பின்னால் அந்தப் பெயர் சரியில்லை என்றார். ராணுவம் 1917இல் அந்தச் சொல்லையே போர்முனையில் எழுதக்கூடாது என்று நிறுத்தி, வருகிறவர்களின் சீட்டில் "இன்னும் கண்டறியப்படவில்லை, நரம்பு" என்ற பொருளில் நான்கு ஆங்கில எழுத்தைப் போடச் சொன்னது. உங்கள் கதை நடக்கும் வருடமே 1917 என்பதால் இந்தச் சீட்டு மேடைக்கு நல்ல பொருள்.

அதைவிட நல்லது அதற்கு முந்தைய ஏற்பாடு. எதிரியின் குண்டினால் வந்தது என்றால் சீட்டில் "டபிள்யூ", அதாவது காயம். இல்லையென்றால் "எஸ்", நோய். காயம் என்றால் சட்டைக் கையில் காயக் கோடு தைத்துக்கொள்ளலாம், ஓய்வூதியத்துக்கும் வழி உண்டு. நோய் என்றால் இரண்டும் இல்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஒரே நடுக்கத்தோடு இரண்டு பேர், ஒருவன் சீட்டில் ஒரு எழுத்து, இன்னொருவன் சீட்டில் வேறு எழுத்து. எழுதுகிற பிள்ளைகளிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள்.

எல்லாரும் ஒரே மாதிரி நடுங்க வேண்டியதும் இல்லை. சாதாரணச் சிப்பாய்களுக்குப் பேச்சு நின்றுபோவது, கை கால் விளங்காமல் போவது அதிகம் என்றும், அதிகாரிகளுக்குக் கெட்ட கனவும் ஓயாத பதற்றமும் அதிகம் என்றும் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற மருத்துவர் கவனித்து எழுதினார். மாட்டேன் என்று வாய் திறந்து சொல்ல வழியில்லாதவனுக்கு வாயே அடைத்துப்போகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது தாங்காது.

ரிவர்ஸ் எடின்பரோவுக்கு அருகில் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தவர். கவிஞர்கள் சிக்ஃபிரிட் சசூனும் வில்ஃபிரட் ஓவனும் 1917இல் சந்தித்தது அங்கேதான். அதே காலத்தில் லண்டனில் லூயிஸ் யெலண்ட் என்ற மருத்துவர், பேச்சு நின்றவர்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேச வைத்துக்கொண்டிருந்தார். ரிவர்ஸ் பேசச் சொன்னார், கேட்டார். மறந்துவிடு, நினைக்காதே என்று எல்லாரும் சொன்னதுதான் நோயை வளர்த்தது என்பது அவர் கருத்து. 1917 டிசம்பரில் அவர் படித்த கட்டுரையில் ஓர் இளம் அதிகாரி வருகிறார். காணாமல்போன நண்பனைத் தேடிப் போய், உடல் சிதறிக் கிடப்பதைப் பார்த்தவர். அந்த உருவம் தினமும் கனவில் வரும், அலறி எழுவார். பகலில் அதை நினைக்காமலிருக்கப் பாடுபடுவார். ரிவர்ஸ் அவரிடம், உடல் அவ்வளவு சிதறியிருந்ததென்றால் நண்பன் வலியே அறியாமல் அந்த நொடியிலேயே போயிருக்கிறான் என்று அர்த்தம் அல்லவா என்றார். சில இரவுகள் கழித்து மறுபடி அதே கனவு. ஆனால் இம்முறை அவர் நண்பன் பக்கத்தில் மண்டியிட்டு, வீட்டாருக்கு அனுப்ப வேண்டிய பொருட்களை எடுக்கிறார், இடுப்பு வாரைக் கழற்றுகிறார். விழித்தபோது அலறவில்லை, மெதுவாக அழுதுகொண்டிருந்தார். பயம் போய்த் துக்கம் வந்தது. எல்லாருக்கும் இப்படி நடக்காது, ரிவர்ஸே அதைச் சொல்கிறார். ஆனாலும் உங்கள் நாடகத்தில் "குணமாவது" என்று ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தால் எழுந்து ஓடுவதைக் காட்டாதீர்கள், இதைக் காட்டுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி இரண்டு விஷயம். உன் வாழ்க்கையில் நடந்த பெரிய துயரத்தை நினைத்துக்கொண்டு நடி என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பெரியவர்களுக்கே அது சரிப்படாது. ஒப்பனையறை சார் சொன்ன மாதிரி மூச்சு, விரல், பொத்தான் என்று வெளியிலிருந்து போகட்டும். ஒத்திகை முடிந்ததும் பாத்திரத்தை அங்கேயே கழற்றிவைக்க ஒரு வழக்கம் வையுங்கள். போர்வையை மடித்துக் கட்டிலில் வைப்பது, வட்டமாக நின்று அவரவர் சொந்தப் பெயரைச் சொல்லி இன்று வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு வாக்கியம் சொல்வது, அது போதும். யாராவது நடுவில் முடியவில்லை என்றால் காரணம் கேட்காமல் விடுங்கள், அந்தப் பெண்ணை விட்டீர்களே, அது மாதிரி. கதையில் தற்கொலை வந்தால் எப்படி நடந்தது என்பதை மேடையில் காட்டவே வேண்டாம், சொல்லவும் வேண்டாம்.

---

கடைசி வரிசை:

எனக்கும் அதே வயதில் பையன் இருக்கிறான், அதனால் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பாரத்தைப் பதினாறு வயதில் ஏன் சுமக்க வேண்டும்? மின்சாரம், சிதறிய உடல் என்று இங்கே படித்ததே எனக்கு இரவு தூக்கத்தைக் கெடுக்கும் போலிருக்கிறது. வளர்ந்த பிறகு அவர்களாகத் தெரிந்துகொள்ளட்டுமே.

---

ஒப்பனையறை:

கோபம் எதற்கு சார், கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் போருக்குப் பொய் வயது சொல்லிப் போன பதினாறு வயதுக்காரர்கள் இருந்தார்கள். நான் இதற்குப் பதிலாக அதைச் சொல்லவில்லை, அன்று நடந்த தவறு இன்று நியாயம் ஆகாது. ஆனால் உங்கள் பையன் போரை ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், விளையாட்டில், படத்தில், அலைபேசியில். அங்கே சுட்டதும் ஆள் விழுகிறான், திரை மாறிவிடுகிறது. விழாதவன் வீட்டுக்கு வந்து என்ன ஆனான் என்பதை மட்டும் யாரும் காட்டுவதில்லை. அதைக் கூட நிற்க ஒரு ஆசிரியை இருக்கும் இடத்தில், நண்பர்களோடு சேர்ந்து, ஒத்திகை முடிந்து போர்வையை மடித்து வைக்கும் இடத்தில் தெரிந்துகொள்வது நல்லது என்றுதான் எனக்குப் படுகிறது.

நாடகத்துக்கு இது புது வேலையும் இல்லை. பழைய கிரேக்க நாடக ஆசிரியர் சோஃபோக்ளீஸ் தானே ஏதென்ஸின் படைத்தலைவர்களில் ஒருவராக இருந்தவர். அவருடைய "ஏஜாக்ஸ்" நாடகத்தில் பெரிய வீரன் ஒருவன் அறிவு கலங்கி, எதிரிகள் என்று நினைத்து ஆடு மாடுகளை வெட்டிக் குவிக்கிறான். தெளிந்ததும் வெட்கம் தாங்காமல் உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவிதான் வெளியே வந்து, உள்ளே அவன் இருக்கும் நிலையைச் சொல்கிறாள். அமெரிக்காவில் 2008இலிருந்து இந்த நாடகத்தைப் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் முன்னால் வாசித்துக் காட்டி, முடிந்ததும் அவர்களைப் பேசவிடுகிறார்கள். இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு மேல் பழைய நாடகம், கேட்டு முடித்ததும் எழுந்து பேசுகிறார்கள்.

---

பழைய தாள்கள்:

வரலாறு படித்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். வார்டு மட்டும் காட்டினால் பாதிக் கதைதான். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள் ஒரு வகையில் தப்பித்தவர்கள். ஓடிப்போனான், கோழைத்தனம் காட்டினான் என்பது போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் படை தன் சொந்த வீரர்கள் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அத்தனை பேருக்கும் இந்த நோய் இருந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் இருந்தவர்கள் அதில் இருந்தார்கள். ஹாரி ஃபார் என்ற சிப்பாய் 1915இல் ஷெல் ஷாக்குக்காக ஐந்து மாதம் மருத்துவமனையில் கிடந்தவர். கை நடுக்கத்தால் பேனா பிடிக்க முடியாமல், மனைவிக்கு அவர் கடிதத்தை ஒரு செவிலிதான் எழுதிக் கொடுத்தார். அப்புறம் திரும்ப முனைக்கு அனுப்பினார்கள். 1916 செப்டம்பரில் இனி என்னால் போக முடியாது என்றார். விசாரணையில் அவருக்காக வாதாட ஆள் இல்லை. அக்டோபர் 16 காலையில் சுட்டார்கள், வயது 25. கண்ணைக் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் குடும்பம் பல வருடம் போராடியது. 2006இல்தான் அந்த 306 பேருக்கும் சட்டம் மூலமாக மன்னிப்பு வந்தது.

மேடையில் சுடுவதைக் காட்டச் சொல்லவில்லை. செவிலி கடிதம் எழுதும் காட்சி ஒன்று போதும். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள், கை நடுங்குகிறது என்பதை மட்டும் எழுத வேண்டாம் என்கிறான். பெயரையும் குடும்பத்தையும் அப்படியே எடுக்காதீர்கள், பாத்திரம் உங்கள் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்.

வசனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்து மேலதிகாரி வாயில் "கோழை", "நடிக்கிறான்" என்ற சொற்கள் வரத்தான் வேண்டும், மென்மையாக்கினால் பொய்யாகிவிடும். இரண்டாம் உலகப் போரிலேயே, 1943 ஆகஸ்டில், சிசிலியில் அமெரிக்க ஜெனரல் பேட்டன் மருத்துவக் கூடாரத்தில் இப்படிப்பட்ட இரண்டு சிப்பாய்களைக் கோழை என்று திட்டிக் கன்னத்தில் அறைந்தார், மேலதிகாரி ஐசன்ஹோவர் அவரை மன்னிப்புக் கேட்க வைத்தார். ஆனால் "பைத்தியம்" என்ற சொல்லை நோயாளிகள் வாயிலும் செவிலிகள் வாயிலும் சும்மா போட்டு வைக்காதீர்கள், அரங்கில் சிரிப்பு வருவது அங்கேதான். "ஷெல் ஷாக்" என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இன்று நாம் சொல்லும் பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறு) என்ற பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டில் 1980இல்தான் வந்தது, 1917 மருத்துவர் வாயில் அது வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மூத்த மகள்:

நான் பொதுவாக இங்கே படிப்பதோடு சரி. அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்ததால் எழுதுகிறேன்.

என் அப்பாவும் திரும்பி வந்தவர்தான். தூங்குகிற அப்பாவை எழுப்ப வேண்டுமென்றால் தோளைத் தொடக் கூடாது, கட்டிலின் கால்மாட்டில் எட்டி நின்று பெருவிரலை மட்டும் லேசாகத் தட்டிவிட்டு உடனே இரண்டடி பின்னால் போய்விட வேண்டும். இதை அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு ஆறு வயதிருக்கும். எல்லார் வீட்டிலும் அப்பாக்களை அப்படித்தான் எழுப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். தோழி வீட்டில் அவள் ஓடிப்போய் அவள் அப்பா மேல் விழுந்து எழுப்பியதைப் பார்த்தபோது உடம்பு உதறிவிட்டது.

அவர் ஒருநாளும் நடுங்கி நான் பார்த்ததில்லை. கத்தியதும் குறைவு. ராத்திரி இரண்டு முறை எழுந்து வாசல் பூட்டைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார், எங்கள் அறைக்கு வந்து எங்கள் மூச்சு சீராக வருகிறதா என்று நின்று கேட்பார். நான் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொள்வேன். அவருக்கு நான் விழித்திருப்பது தெரியும் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பெண் மேடை ஏறமாட்டேன் என்றது எனக்குப் புரிகிறது, திரும்பி வந்ததும் புரிகிறது. வீட்டில் பேசாத ஒன்றைப் பற்றி நண்பர்கள் சேர்ந்து நாடகம் போடும்போது அவள் இல்லாமல் போடுவதும் அவளுக்கு முடியாது. டீச்சர், அவளிடம் உன் அப்பா எப்படி என்று கேட்காதீர்கள், அவளை வைத்து மற்றவர்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள். சத்தம், வெளிச்சம் இரண்டில் ஒன்றை அவள் கையில் கொடுங்கள். எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது அவள் விரலில் இருக்கட்டும். எங்களைப் போன்ற வீடுகளில் எங்களுக்குக் கிடைக்காதது அதுதான்.

அவள் அப்பாவை நாடகத்துக்கு அழைப்பதாக இருந்தால் பிரதியை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், படித்துவிட்டு வருவதா வேண்டாமா என்று அவரே சொல்லட்டும். வந்தால் கடைசி வரிசையில், வழிப்பக்கம் இருக்கும் நாற்காலி. மேடைக்கு அழைத்து மாலை எல்லாம் வேண்டாம். பிள்ளைகள் பேசப்போனால் "யாரையாவது சுட்டிருக்கீங்களா" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது, எங்கள் வீட்டுக்கு வந்த பையன்கள் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்.

கடைசி வரிசை அவர்களே, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் என் வகுப்பில் யாராவது இப்படி ஒரு நாடகம் போட்டிருந்தால் நான் அன்றைக்கு வீட்டுக்குத் தலை நிமிர்ந்து போயிருப்பேன்.

---

கடைசி வரிசை:

படித்தேன் அம்மா. என் பையனையும் படிக்கச் சொல்கிறேன். நான் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதில் மாற்றமில்லை, ஆனால் நாடகம் போடுங்கள் டீச்சர்.

---

நாடகப் பொறுப்பாசிரியை:

மூன்று வாரம் ஆகிவிட்டது, எல்லாருக்கும் பதில் எழுதத் தாமதம், மன்னிக்கவும்.

நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களை ஒத்திகைக்கு அழைத்துத் தட்டைக் கீழே போட்டுக் காட்டினோம். தட்டு உருண்டு ஓடி நின்றபிறகும் கட்டிலுக்கு அடியிலிருந்து யாரும் வெளியே வரவில்லை, அப்படித்தான் முடிவு செய்திருந்தோம். குண்டுச் சத்தத்தைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

பொத்தான் காட்சியை முதல் முறை செய்தபோது அந்தப் பையன் இருபது நொடியில் ஐந்தையும் போட்டுவிட்டான். நடுங்காமல் இருக்கச் சொன்னீர்கள் டீச்சர், போட்டுவிட்டேன் என்றான். அப்புறம் வீட்டில் தினமும் கையைக் குளிர்ந்த தண்ணீரில் விரல் மரத்துப்போகும்வரை வைத்திருந்து பொத்தான் போட்டுப் பழகியிருக்கிறான், எனக்குச் சொல்லாமலே. (இனி செய்யாதே என்று சொல்லிவிட்டேன், பழகிய கை அதை நினைவில் வைத்திருக்கிறது, போதும்.) நேற்று முழுதாக ஒன்றே முக்கால் நிமிடம் எடுத்தது. முதல் நாள் சிரித்தவர்களில் ஒருத்தி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். முடிந்ததும் வந்து, "மூணாவது பொத்தான் போயிடணும் போயிடணும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன் டீச்சர்" என்றாள். அவன் மூன்றாவதைப் போடவேயில்லை, டாக்டர் வந்துவிட்டார்.

"டபிள்யூ", "எஸ்" சீட்டு கதைக்குள் வந்துவிட்டது. கடிதக் காட்சியை எழுதிய பிள்ளைகள், கை நடுக்கத்தை எழுதாதே என்று அவன் சொன்ன பிறகு செவிலி ஒரு கணம் பேனாவை நிறுத்துவதாக வைத்திருக்கிறார்கள். அவள் எழுதினாளா இல்லையா என்பதைச் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, எங்களுக்கும் தெரியாது டீச்சர் என்றார்கள்.

மூத்த மகள், நீங்கள் சொன்னபடி சத்தத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். முதல் வேலையாக, பதிவு செய்து வைத்திருந்த காற்றுச் சத்தத்தையும் மழைச் சத்தத்தையும் எடுத்துவிட்டாள். வார்டு அமைதியாக இருக்கட்டும், அப்போதுதான் அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது தெரியும் என்றாள். பிரதியை அவள் மூலமாகவே அவள் அப்பாவுக்குக் கொடுத்தனுப்பினேன், பதில் எதிர்பார்க்கவில்லை. ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. வசனத்தில் ஒரு வரிகூட அவர் தொடவில்லை. முதல் பக்கத்தில் பிள்ளைகள் வரைந்திருந்த மேடைப் படத்தில் மட்டும், ஆறு கட்டிலுக்கும் பென்சிலால் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் சின்னதாக, "கதவுக்கு முதுகைக் காட்டிப் படுக்க மாட்டார்கள்" என்று எழுதியிருந்தார்.

ஆறு கட்டிலையும் திருப்பிப் போட்டுவிட்டோம். இப்போது இடப்பக்கம் உள்ள இரண்டு பேரின் முகம் பார்வையாளர்களுக்குத் தெரிவதில்லை, அதற்குப் பக்கவாட்டிலிருந்து ஒரு விளக்கு வைக்க வேண்டும். ஒப்பனையறை சார், தாழ்வாக வைப்பதா உயரத்திலா என்று மட்டும் சொல்லுங்கள்.

---

ஒப்பனையறை:

தாழ்வாக, கட்டில் உயரத்துக்கு, கதவுப் பக்கமிருந்து. அவர்கள் பார்க்கிற திசையிலிருந்தே வெளிச்சம் வரட்டும்.